சத்தியத்தில் சேராத நாள்

உலகத்திலேயே பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதியை ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் வாழ்ந்த ஒரே மனிதர், ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃப்ளாட்ஸ் செகரட்டரிதான். மற்ற எல்லோரும், நீங்களும் நானும் உட்பட, அந்த நாளையும் வழக்கம்போலப் பல் தேய்த்து, பஸ் பிடித்து, சீரியல் பார்த்துத் தொலைத்தவர்கள். பிப்ரவரியில் ஒரு நாள் கூடுதலாக வந்துவிட்டுப் போனது நமக்கெல்லாம் மார்ச் மாதம்தான் உறைக்கும். செகரட்டரி அந்த நாளுக்காக நான்கு வருஷம் காத்திருப்பார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது கரண்ட் பில்லில் மட்டும் வரும். திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு போல்ட் வாங்க வேண்டுமானாலும் மூன்று பேர் கையெழுத்து வேண்டும். மூன்றாவது கையெழுத்து கோணலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாராம். ரிட்டயரான கையோடு ஃப்ளாட்ஸுக்குச் செகரட்டரியானார். வருஷா வருஷம் போட்டியே இல்லாமல் ஜெயிப்பார். விடியற்காலையில் எழுந்து தண்ணீர் மோட்டார் போட வேறு ஆள் கிடையாது என்பதுதான் அந்தச் செல்வாக்குக்குக் காரணம்.

2011 கடைசியில் நாங்கள் இரண்டாவது மாடியின் நடுவீட்டுக்குக் குடிவந்தோம். இடப்பக்கம் செகரட்டரியும் மாமியும். வலப்பக்கம், அவர்கள் கதவுக்கு நேர் எதிரே, அதே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற இன்னொருவரும் அவர் மனைவியும். அவரை ஊரே ஃபிட்டர் என்றுதான் கூப்பிட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே மாடி, ஏறக்குறைய ஒரே வயசு. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

இது எனக்குத் தெரிந்தது ஒரு ஸ்கூட்டர் மூலமாக. ஒருநாள் கீழே செகரட்டரி ஒரு ஸ்கூட்டரின் எதிரே நின்று, அதன் ஹெட்லைட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் முதலாளிகிட்ட சொல்லிடு. இது மோட்டார் ரூமுக்குப் போற வழி. இங்க நிக்கப்படாது."

முதலாளியான ஃபிட்டர் பக்கத்திலேயே, கையில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, "வண்டிய நகத்தச் சொல்றாரு போல சார். இந்தா நகத்திடறேன்" என்று சொல்லி நகர்த்தினார். செகரட்டரி ஸ்கூட்டருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

"ரெண்டு பேருக்கும் ஆகாது போல. நீங்க நடுவுல போய் மாட்டிக்காதீங்க" என்றாள் என் மனைவி. நடுவீட்டுக்குக் குடிவந்த பிறகு கொடுத்த அறிவுரை அது.

2012 பிப்ரவரி கடைசியில் ஒருநாள், பொழுது புலர்வதற்குள் யாரோ வயிறு வலிக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். ஃபிட்டர் வீட்டுக் கதவு ஆவென்று திறந்திருந்தது. கூடத்தில் செகரட்டரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டபராவில் காபியை ஆற்றிக்கொண்டு, ஃபிட்டரின் முதுகில் ஒரு அடி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தப்பான மாடியில் இருக்கிறேனோ என்று கதவு நம்பரைப் பார்த்தேன். என் வீட்டு நம்பர்தான்.

"என்ன சார் அப்படிப் பாக்கறேள்? இன்னிக்கு இருபத்தொம்போது! உள்ள வாங்கோ" என்றார் செகரட்டரி.

விஷயத்தை ஃபிட்டர்தான் விளக்கினார். வேலையில் இருந்த காலத்தில் இருவரும் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூர் போவார்கள். ஃபிட்டர் ஒரு ஸ்டாப் முன்னால் ஏறுகிறவர். ஜன்னலோரத்தில் டிபன் பையை வைத்துச் செகரட்டரிக்கு இடம் பிடித்து வைப்பது அவர் வேலை. பல வருஷம் ஒழுங்காக நடந்தது. ஒருநாள் காய்ச்சலோடு ஏறிய ஒருவருக்கு இரக்கப்பட்டு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். செகரட்டரி காவேரிப் பாலம் தாண்டி, பால்பண்ணை தாண்டி, தொழிற்சாலை வாசல் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.

சாயங்காலம் ராஜகோபுரத்தருகே பஸ்ஸை விட்டு இறங்கியதும் கோபுரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினாராம். "இனிமே வருஷம் முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் உன்னோட ஒரு வார்த்தை பேசமாட்டேன். ரங்கா, நீயே சாட்சி!"

கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. சத்தியம் போகவில்லை. பெருமாள் பெயரைச் சொல்லிப் பண்ணின சத்தியத்தை மீறுகிற குடும்பமும் இல்லை அது. வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து, ஒருவர் பின்மண்டையை ஒருவர் பார்த்துக்கொண்டு திருவெறும்பூர் போய் வந்தார்கள். அப்புறம் ஒரு லீப் வருஷம் வந்தது. பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி காலை செகரட்டரி பஸ்ஸில் ஏறி நேராக ஃபிட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நான் சொன்னது முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள்தான். இன்னிக்கு அதுல சேராது. நகந்து உக்காரு" என்றாராம். ஸ்டோர்ஸ்காரர் மூளைக்குத்தான் அது தோன்றும்.

"அப்ப நீங்க? நீங்க சத்தியம் பண்ணலியே? நீங்க பேசலாமே?" என்று ஃபிட்டரைக் கேட்டேன்.

"நான் பேசிட்டா அவன் பதில் சொல்ல முடியாம தவிப்பான் சார். பாவமா இருக்கும். அதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

இந்த ஃப்ளாட்டில் எதிரெதிராக வீடு வாங்கியது எப்படி என்று கேட்டதற்கு, செகரட்டரி, "யதேச்சையா அமைஞ்சுது" என்றார். ஃபிட்டர் அட்வான்ஸ் கொடுத்த மறுநாளே அவரும் போய்க் கொடுத்தார் என்பதையும், கீழ்வீடு காலியிருந்தும் மாடிதான் வேண்டும் என்று பில்டரோடு மல்லுக்கு நின்றார் என்பதையும் பிறகு மாமி சொன்னார்.

அந்த ஒரு நாளை அவர் எப்போது தொடங்கி எப்போது முடிப்பார் என்பது தனி சாமர்த்தியம். தொடக்கத்துக்கு இங்கிலீஷ் கணக்கு. நள்ளிரவிலேயே தேதி பிறந்துவிடும். முடிவுக்குப் பஞ்சாங்கக் கணக்கு. மறுநாள் சூரியன் உதிக்கிற வரைக்கும் நாள் முடியாது. கேட்டால், "ரெண்டுமே சாஸ்திரம்தானே சார்" என்பார். சூரியன் எட்டிப் பார்த்ததும் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். பாக்கி வாக்கியம் அடுத்த லீப் வருஷத்துக்கு.

நடுவில் வரும் வருஷங்களில்தான் மாமி பாடு திண்டாட்டம். செகரட்டரிக்கு எது தோன்றினாலும், "இதை ஞாபகம் வெச்சுக்கோ. ஃபிட்டர்கிட்ட சொல்லணும்" என்பார். மாமி என் மனைவியிடம், "எனக்குப் பாசுரம்கூட மறந்துபோறது. இவர் அந்த ஃபிட்டருக்குச் சொல்ல வேண்டியது மட்டும் அத்தனையும் மனப்பாடம்" என்று அலுத்துக்கொண்டார்.

அந்த நான்கு வருஷத்துக்குள் ஃபிட்டர் வீட்டில் நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் நடந்தது. முதலில் ஒரே மகளுக்குக் கல்யாணம். மறு வருஷம் அவர் மனைவி காலமானார். அன்றைக்குச் செகரட்டரிதான் ஃப்ரீஸர் பெட்டிக்குச் சொன்னார், பந்தல் போடச் சொன்னார், வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தார், மயானம் வரைக்கும் நடந்தார். ஃபிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்று செகரட்டரி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மனுஷன் செத்த வீட்டிலுமா சத்தியம் என்று தோன்றியது.

2016 பிப்ரவரி இருபத்தொன்பது. நான் போனபோது செகரட்டரி ஃபிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லவடா அவ. என்னிக்கு வந்தாலும் எனக்குச் சக்கரை கம்மியாப் போட்டுத்தான் குடுப்பா. நீ தனியா என்னடா பண்ணறே?" என்றார். ஃபிட்டர் குலுங்கி அழுதார். இறந்து ஒன்றரை வருஷம் கழித்து வந்த துக்க விசாரிப்பு அது. ஆனால் அதுவரைக்கும் அவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மாமி கொண்டுவந்த காபி ஆறிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்துச் செகரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"உன் பொண்ணு கல்யாணத்துல பாயசம் ரொம்பத் தண்ணிடா."

"யோவ் ஸ்டோர்ஸு, அதைச் சொல்லவா மூணு வருஷமா காத்திருந்தே?"

"சொல்லணுமோல்லியோ? அடுத்த கல்யாணத்துலயாவது திருத்திக்கோ."

"எனக்கு ஒரே பொண்ணுதான்யா!"

"அப்படீன்னா விடு."

அன்றைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு முக்கொம்பு அணைக்குப் போவதாக ஏற்பாடு. என்னையும் லீவு போட்டு வரச் சொன்னார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் ஃபிட்டர் மறந்துபோய் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இடம் காலி. செகரட்டரி உட்காரவில்லை.

"உக்காருய்யா."

"நான் நின்னுண்டே வரேன். எனக்கு அது புதுசில்லை. நீதானே பழக்கிவிட்டே."

"இன்னுமா அதை விடலை? அந்த ஆளுக்குக் காய்ச்சல்யா!"

"எனக்கு அன்னிக்கு முழங்கால் வலி. உனக்குத் தெரியுமா?"

"நீ சொல்லலியே!"

"நீ கேக்கலியே!"

கண்டக்டர், "பெரியவரே, உக்காந்துட்டுச் சண்டை போடுங்க, வழியில நிக்காதீங்க" என்றார். பயனில்லை. நான்கு வருஷம் காத்துக் கிடைத்த நாளில், முக்கொம்பு வரும் வரை இருவரும் அனுமதி இருந்தும் பேசிக்கொள்ளவில்லை. இறங்கியதும் செகரட்டரிக்கு மூக்கு விடைத்தது. கிழக்கே ஸ்ரீரங்கம் இருக்கிற திசையைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"ரங்கா, நீயே சாட்சி! இனிமே வருஷம் முன்னூத்தி அறுபத்..."

நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்திவிட்டேன். முன்பு விட்ட ஓட்டையை இந்த முறை அடைத்துவிடுவார், அறுபத்தாறு என்று சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். பெரிய மனிதர் வாயை அப்படிப் பொத்தலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஃபிட்டர் முகம் வெளுத்துப்போய் நின்றார். "ஜன்னலை நீயே வெச்சுக்கய்யா. திரும்பிப் போறப்ப நான் நின்னுட்டு வரேன்" என்றார் மெதுவாக. செகரட்டரி என் கையை விலக்கினார். "புளியோதரை ஆறிடும். வா" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நிறைய காலியாக இருந்தும் இருவரும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள். நான் உட்கார்ந்து வந்தேன்.

2020இல் அந்த நாளைப் பார்த்து ஃப்ளாட்ஸ் மோட்டார் எரிந்துபோனது. சனிக்கிழமை, எல்லோரும் வீட்டில். பக்கெட்டும் கையுமாகக் கூட்டம் ஃபிட்டர் வீட்டு வாசலில் திரண்டது. செகரட்டரி உள்ளே இருந்தபடியே, "இன்னிக்கு நான் செகரட்டரி இல்லை. நாளைக்கு வாங்கோ" என்று குரல் கொடுத்தார்.

"குளிக்கத் தண்ணி இல்ல சார்!"

"வருஷத்துல பாக்கி நாளெல்லாம் குளிக்கறேளே, போறாதா?"

ஆனால் ஃபிட்டருக்குக் கை அரித்தது. எரிந்த மோட்டாரை நினைத்துக்கொண்டு அவரால் பேச்சில் கவனம் செலுத்த முடியவில்லை. கடைசியில் இருவரும் மோட்டார் ரூமுக்கே இறங்கினார்கள். ஃபிட்டர் மோட்டாரைப் பிரித்தார். செகரட்டரி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்கக் கேட்க ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையிலேயே முதன்முறையாக, யாரிடமும் ஒரு கையெழுத்துக்கூட வாங்காமல். மத்தியானமே தண்ணீர் வந்துவிட்டது. இருவரும் வெளியே வரவில்லை. மாமி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மோட்டார் ரூமுக்கே எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்தது 2024. ஆனால் 2023 மழைக்காலத்தில் ஃபிட்டர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் ஆபரேஷன். தனியாக விட முடியாது, தீபாவளி முடிந்ததும் கோயம்புத்தூருக்கு என்னோடு கூட்டிப் போகிறேன் என்றாள் மகள். நியாயமான முடிவு. வீட்டையும் வாடகைக்கு விட ஆள் பார்த்தாகிவிட்டது.

செகரட்டரி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கையில் பஞ்சாங்கம்.

"சார், அதிக மாசம்னு ஒண்ணு வருமே. ஒரு மாசமே எக்ஸ்ட்ரா. அது சத்தியத்துல சேராதில்லையா?"

"சேராதுன்னுதான் நினைக்கிறேன். எப்ப வருது?"

"ஆடியிலயே வந்துட்டுப் போயிடுத்து சார். முப்பது நாள்! எதிர்வீட்டுல அவன் சும்மா உக்காந்திருந்தான், நானும் சும்மா உக்காந்திருந்தேன். ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே!"

பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு நாள் அவரைக் கேலியாகவே பார்த்துப் பழகிய எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பிப்ரவரி வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லி மகளிடம் கேட்க முடியுமா என்றார். கேட்டேன். "அங்க ஃபிசியோதெரபிக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

கிளம்புகிற நாள் வாசலில் கார் நின்றது. ஃபிட்டர் வாக்கரைப் பிடித்து மெதுவாக வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். செகரட்டரி மோட்டார் ரூம் வாசலில் நின்றார். பிறகு காரின் அருகே வந்து, கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"உள்ள இருக்கறவர்கிட்ட சொல்லு. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு. அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தி..."

சட்டென்று குனிந்து, தலையை உள்ளே விட்டார்.

"டேய் ஃபிட்டர். போகணுமாடா?"

ஃபிட்டர் பதறிவிட்டார். "யோவ், இன்னிக்கு நவம்பர்யா! சத்தியம்யா!"

"அதை நான் பெருமாள்கிட்ட பேசிக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் நான் எடுத்துக்கறேன், வர்ற இருபத்தொம்போதை அவர் எடுத்துக்கட்டும். சரிக்குச் சரி."

"அப்ப பிப்ரவரியில?"

"பேச்சு கிடையாது. இப்ப பேசு."

சத்தியம் உடைந்தது உடைந்துவிட்டது. இனி அந்த நாளை வீணாக்குவானேன் என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்து காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். "நகந்து உக்காரு" என்றார். மாமி மேலே ஓடிப்போய் ஒரு சட்டையையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துவந்து உள்ளே போட்டார். கோயம்புத்தூர் வரை வாய் ஓயவில்லையாம். கரூரில் டீ குடிக்க இறங்கிய டிரைவர் மறுபடி ஏறவே யோசித்தாராம். மறுநாள் மத்தியானம் செகரட்டரி பஸ்ஸில் திரும்பி வந்தார். வந்ததும் மோட்டாரைப் போட்டார்.

2024 பிப்ரவரி இருபத்தொன்பது. காலையிலேயே செகரட்டரி வீட்டில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. பெருமாளுக்குக் கொடுத்த நாள் அது. திரும்பத் திரும்ப அடித்தது. மாமி எடுத்தார். நானும் என் மனைவியும் அங்கேதான் இருந்தோம். மாமி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவர் சொல்றார், பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணினேள். கேக்கமாட்டேன்னு பண்ணலியேன்னு."

செகரட்டரி இதை நெடுநேரம் ஆராய்ந்தார். ஸ்டோர்ஸில் மூன்றாவது கையெழுத்தை ஆராய்கிற முகம். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இது தெரியாமப் போச்சே!" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து போன் வருகிறது. செகரட்டரி பால்கனியில் நின்று காதில் வைத்துக்கொள்கிறார். வாயைத் திறப்பதில்லை. சில நேரம் முறைப்பார். சில நேரம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்வார். மற்றபடி தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். வீடியோவெல்லாம் கிடையாது, பழைய பட்டன் போன்.

போன வாரம் வீட்டுச் சாவி விஷயமாக ஃபிட்டர் என்னைக் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "தினமும் நீங்க மட்டும் பேசறீங்களே, அந்தப் பக்கம் சத்தமே வராதே. அவர் கேட்டுட்டுத்தான் இருக்காருன்னு எப்படி சார் தெரியும்?"

"அதான் தலையாட்டிக்கிட்டே இருக்கானே சார்" என்றார் ஃபிட்டர்.